கள்ளத்தோணி என்னும் சொல்

பொருள்களுக்கென்று பிறந்த சொற்கள் சில, காலப்போக்கிலே அப்பொருள்களை விட்டு நீங்கி மனிதர்மேற் போய்க் குடியேறிவிடுகின்றன. அவ்வாறு குடியேறியபின் அவற்றை அங்கிருந்து எழுப்புவது எளிதன்று. இலங்கைத் தமிழில் அத்தகைய சொல்லொன்று உண்டு. சந்தையிலும் பஸ் நிலையத்திலும் அரசியல் மேடையிலும் அது கேட்டிருக்கிறது. பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையை நோக்கி அதை எறிந்ததும் உண்டு. எறிந்த பிள்ளைக்கு அதன் வரலாறு தெரியாது. எறியப்பட்ட பிள்ளைக்கு அதன் பொருள் மாத்திரம் நன்றாகத் தெரிந்திருக்கும். 'கள்ளத்தோணி' என்பதே அச்சொல்.

சொல்லின் அமைப்பு எளியது. கள்ளம் என்பதும் தோணி என்பதும் சேர்ந்த கூட்டு அது. கள்ளநோட்டு, கள்ளச்சாவி, கள்ளக்கணக்கு, கள்ளச்சந்தை என்னும் வரிசையிலே அதுவும் ஒன்று. இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் கள்ளம் என்பது பொருளைச் சார்ந்து நிற்கிறது. கள்ளநோட்டு என்றால் நோட்டுத்தான் பொய். அதைக் கையில் வைத்திருப்பவர் ஏமாந்த ஏழையாகவும் இருக்கலாம். அவரை எவரும் 'கள்ளநோட்டு' என்று அழைப்பதில்லை. கள்ளத்தோணி என்பதும் முதலில் அப்படித்தான் இருந்திருத்தல் வேண்டும். சுங்கத்துக்குத் தெரியாமல், துறைமுகத்தை விட்டு விலகி, இருட்டிலே கரையொதுங்கும் தோணி கள்ளத்தோணி. குற்றம் பயணத்தின் முறையிலே இருந்தது. பெயரும் கலத்துக்கே உரியதாயிருந்தது.

பின்னர் அந்தப் பெயர் கலத்தை விட்டு இறங்கி, கலத்திலே வந்த ஆளின்மேல் ஏறிற்று. இலக்கணம் கற்றவர்கள் இதனை ஆகுபெயர் என்பர். 'ஊர் சிரித்தது' என்றால் ஊரிலுள்ளவர்கள் சிரித்தார்கள் என்று கொள்வது போல, இடத்தின் பெயர் இடத்திலுள்ளவர்க்கு ஆகிவருவது இடவாகுபெயர். தோணியின் பெயர் தோணியிலே வந்தவனுக்கு ஆகியதும் அம்முறையே. ஆகவே இலக்கணப்படி குற்றமில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் தமிழிலக்கணத்துக்கு மற்றொரு நியதியும் உண்டு. மக்களை உயர்திணை என்றும், மற்றவையனைத்தையும் அஃறிணை என்றும் பிரித்து, வினைமுற்று வரைக்கும் அந்தப் பிரிவைக் கொண்டுசெல்லும் மொழி தமிழ். 'நேற்று எட்டுக் கள்ளத்தோணிகள் பிடிபட்டன' என்று ஒருவர் சொன்னால், பிடிபட்டவை எட்டுக் கலங்களா, எட்டு மனிதரா என்பது கேட்பவர்க்கு விளங்காது. மனிதர் என்றால், அந்த ஒரு வாக்கியத்திலே எட்டுப் பேர் திணை மாறிப் போனார்கள் என்பது பொருள். ஊர் சிரித்தது என்பதில் ஊராருக்கு இழுக்கில்லை. கள்ளத்தோணி என்பதிலோ ஆள் மறைந்துபோகிறான். மரமும் பாயும் கள்ளமுமே எஞ்சுகின்றன.

தோணி என்னும் சொல்லுக்கு இந்தக் கதி வந்தது ஒரு விந்தைதான். சீகாழிக்குத் தோணிபுரம் என்பது ஒரு பெயர். ஊழி வெள்ளத்திலே இறைவன் தோணியில் அமர்ந்து வந்து தங்கிய இடம் அது என்று புராணம் கூறும். அங்கே கோயில்கொண்ட மூர்த்திக்குத் தோணியப்பர் என்றே திருநாமம். வடகரையில் வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை முதலிய ஊர்களுக்குத் தோணி என்பது சோறு போட்ட சொல். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கடல்வழியே போயிற்று. நாகபட்டினத்துடனும் சோழமண்டலக் கரையின் பிற துறைகளுடனும் வாணிகம் நடந்தது. வல்வெட்டித்துறையிலே கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கருக்கு விற்கப்பட்டு, அவ்வூர் மாலுமிகளே செலுத்த, 1938ஆம் ஆண்டு மாசச்சூசெற்சின் குளொஸ்டர் துறையை அடைந்தது. வடக்கிலிருந்து சிதம்பரத்துத் திருவாதிரைக்குப் போனவர்களும் கடல் கடந்தே போனார்கள். ஆறுமுக நாவலர் 1864ஆம் ஆண்டிலே சிதம்பரத்தில் சைவப் பாடசாலையை நிறுவியபோது, அவர் வேற்றுநாடொன்றிற் போய்ப் பள்ளிக்கூடம் வைத்ததாக எவரும் நினைக்கவில்லை. கடல் அப்போதும் இருந்தது. அதன் நடுவே கோடு இருக்கவில்லை.

கோடு சட்டத்தினால் வந்தது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னும் சுங்க விதிகள் இருந்தன. நோய்த்தடைக் காவலும் இருந்தது. கள்ளக்கடத்தல் என்பதும் புதியதன்று. ஆயினும் கடவுச்சீட்டும் அனுமதியும் இல்லாத வரவே குற்றமென்னும் நிலை, பாக்கு நீரிணையின் இரு கரையாருக்கும் இந்தச் சட்டத்தோடுதான் முழுமையாக வந்து வாய்த்தது. நேற்று வரையில் உறவினர் வீட்டுக்குப் போன வழி, இன்று கள்ளவழியாயிற்று. கடலும் மாறவில்லை, காற்றும் மாறவில்லை, கலமும் மாறவில்லை.

இதற்குப் பின்னர் மெய்யான கள்ளத்தோணிகள் வரவில்லை என்று சொல்வது உண்மைக்கு மாறு. இராமநாதபுரக் கரையிலிருந்தும் தஞ்சைக் கரையிலிருந்தும், மன்னாரிலும் வடகரையிலும் வந்திறங்கியவர்கள் இருந்தார்கள். வறுமை ஒரு காரணம்; இக்கரையிற் பிழைத்துக்கொண்டிருந்த உறவினரிடம் வந்து சேரும் ஆசை மற்றொன்று. கூலி வாங்கி ஆளேற்றிய ஓட்டிகளும் இருந்தார்கள். இதைத் தடுக்க 1952ஆம் ஆண்டிலே 'மொன்டி நடவடிக்கை' என்ற பெயரில் இராணுவம் வடமேற்குக் கரைக்கு அனுப்பப்பட்டது. 1963இல் சட்டவிரோதக் குடிவரவைத் தடுப்பதற்கெனத் தனிப் படைப்பிரிவொன்று அமைக்கப்பட்டது. எந்த நாடும் தன் கரையைக் காவல் செய்யும், அதிலே வியப்பில்லை. இதே காலத்தில், 1954ஆம் ஆண்டு, ஐக்கிய அமெரிக்க அரசு மெக்சிக்கோவிலிருந்து ஆற்றைக் கடந்து வந்தவர்களைப் பிடித்தனுப்பத் தொடங்கிய இயக்கத்துக்கு, 'நனைந்த முதுகு' என்று பொருள்படும் ஏச்சுச்சொல்லையே உத்தியோக பூர்வமான பெயராக வைத்தது. வட ஆபிரிக்காவிலிருந்து மத்தியதரைக் கடலைக் களவாகக் கடப்பவர்களை அந்நாட்டு அரபுப் பேச்சிலே 'எரிப்பவர்' என்பர். அடையாளப் பத்திரங்களை எரித்துவிட்டுப் போகிறவர் என்பது கருத்து. வியட்நாமிலிருந்து 1975இன் பின் கடலில் வந்தவர்களை ஆங்கிலப் பத்திரிகைகள் 'படகு மக்கள்' என்றன. அங்கேயும் படகு ஒட்டிக்கொண்டது. ஆனால் மக்கள் என்ற பாதியாவது கூட நின்றது.

இலங்கையில் நடந்தது இவற்றிலும் வேறானது. இங்கே அந்தப் பெயரைச் சுமந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கள்ளமாக வந்தவர்களே அல்லர். அவர்கள் மலையகத்துத் தோட்டங்களின் மக்கள்.

அவர்கள் வந்த வழியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கோப்பிக் காலத்திலே, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி தொடக்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் ஆள்கட்டி அழைத்து வந்தார்கள். கரைவரைக்கும் நடை; பின்பு தோணி; மன்னார்ப் பக்கத்திலே இறங்கியபின் மீண்டும் நடை. காடும் குளமுமாகக் கிடந்த வடபாதையிலே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். அந்தப் பயணத்திலே தோணி இருந்தது என்பது மெய், கள்ளம் இருக்கவில்லை. துரைமாருக்குக் கூலியாள் வேண்டியிருந்தது. அரசாங்கத்துக்குக் கோப்பியின் வருமானம் வேண்டியிருந்தது. வந்தவர்களைத் தடுக்க எவரும் கரையிலே நிற்கவில்லை. வரத் தாமதிக்கிறார்களே என்ற கவலைதான் இருந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகரத்துண்டு முறை வந்தது. தோட்டத்துக்குரிய குறியும் எண்ணும் துளையிட்ட சிறு தகரத்துண்டொன்றை ஒவ்வோர் ஆளும் உடம்பிலே கட்டிக்கொண்டு வர வேண்டும். அந்தக் குறியைப் பார்த்தே இன்னார் இன்ன தோட்டத்துக்கு என்று வழியெங்கும் அனுப்பிவைத்தார்கள். செலவை அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதினார்கள். பொட்டலத்துக்கு விலாசம் எழுதுவது போன்ற ஏற்பாடு அது. 1914ஆம் ஆண்டிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பற்சேவை தொடங்கி, இருபுறமும் புகையிரதப் பாதை இணைந்தது. தோட்டத்துக்கு வருபவர்கள் மண்டபம் முகாமிலே சிலநாள் தங்கவைக்கப்பட்டார்கள். அந்த முகாம் நின்ற மண் இந்திய மண். அதை நடத்தியதோ இலங்கை அரசாங்கம். அங்கே அம்மை குத்தினார்கள், உடம்பைச் சோதித்தார்கள், துணிகளை ஆவியிலிட்டார்கள், பேர், தகப்பன் பேர், ஊர், போகும் தோட்டம் எல்லாவற்றையும் எழுதினார்கள். பின்பு கப்பல், அதன்பின் கோச்சி, தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் செக்றோலிலே மறுபடியும் பேர். அக்காலத்து இலங்கையில் இவ்வளவு தடவை பேரெழுதப்பட்டு நாட்டுக்குள் வந்த வேறொரு கூட்டத்தார் இருந்திருப்பார்களா என்பது ஐயமே. 1939ஆம் ஆண்டிலே இந்திய அரசாங்கம் உடலுழைப்பாளர் இலங்கைக்குப் போவதைத் தடைசெய்தது. ஆகவே 1949இன் சட்டம் வந்தபோது தோட்டங்களில் இருந்தவர்கள் நெடுநாள் முன்னரே வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகளாயும் பேரர்களாயும் இங்கேயே பிறந்தவர்கள்.

அப்படியிருக்கக் கள்ளத்தோணி என்ற பெயர் இவர்கள்மேல் எவ்வாறு படிந்தது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வழி திறந்துவிட்டது. பிறப்பினால் மாத்திரம் அந்தச் சட்டத்தின்கீழ் உரிமை கிடைக்கவில்லை. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. லயத்துக் காம்பராவிலே பிறந்த குழந்தையின் பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கேயிருந்து வரும்? மறு ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பிலே விண்ணப்பம் போயிற்று. பதிவு பெற்றவர்களோ ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. 1949இலேயே தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு வாக்கும் போயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே பாராளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. சட்டம் அவர்களைக் கள்ளர் என்று சொல்லவில்லை. எந்த நாட்டாரும் அல்லர் என்று மாத்திரம் சொன்னது. மிச்சத்தைத் தெரு சொல்லி முடித்தது. கையிலே பத்திரம் இல்லாதவன் கள்ளமாக வந்தவனாகத்தான் இருப்பான் என்னும் தர்க்கம் கேட்பதற்குச் சரியானது போலவே தோன்றும். பத்திரத்தைக் கொடுக்க மறுத்தவர்களே பத்திரம் எங்கே என்று கேட்டார்கள் என்பது அந்தத் தர்க்கத்திலே தெரியாது.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேர் கணக்கிலெடுக்கப்பட்டனர். அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இலே இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அந்த இலக்கங்களுக்கு முகமில்லை. போகிறவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன புகையிரதத்துக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று மலையகத்திலே பெயர் வழங்கிற்று. கலத்துக்குப் பெயர் வைப்பதிலும் இருவகை உண்டு போலும்: ஒன்று வந்தவரை இழித்தது, மற்றொன்று போகிறவருக்காக அழுதது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலே போய் அமர்ந்தவர்களை அங்குள்ளவர்கள் 'சிலோன்காரர்' என்றார்கள். இங்கே இந்தியக்காரர், அங்கே சிலோன்காரர். நாடற்றவராய் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003ஆம் ஆண்டிலே நிறைவேறிற்று. 1948இலிருந்து எண்ணினால் 55 ஆண்டு. பத்திரம் வந்தது. சொல் போகவில்லை.

இந்தச் சொல் தமிழ்ச்சொல் என்பதை இவ்விடத்தில் மறக்கலாகாது. சிங்களப் பேச்சிலும் அது 'கல்லத்தோனி' என்று வழங்குகிறது. கலகக் காலங்களிலே தமிழர் எவரையும் நோக்கி அது சொல்லப்பட்டது. தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போன சொற்கள் பல; உறவையும் உணவையும் வாணிகத்தையும் பற்றியவை அவற்றுள் மிகுதி. இதுவும் அந்த வழியேதான் போயிருக்கிறது. ஆயின், போவதற்கு முன் அது தமிழரின் வாயிலே இருந்திருக்க வேண்டுமல்லவா? வடக்கிலும் கிழக்கிலும் வீட்டுவேலைக்கு வந்த மலையகச் சிறுவரையும், 1958இன் பின்னரும் 1977இன் பின்னரும் கலவரங்களுக்கு அஞ்சி வன்னிக்கு வந்து காடு திருத்தியவர்களையும், 'தோட்டக்காட்டான்' என்றும் 'கள்ளத்தோணி' என்றும் அழைத்த தமிழர் இருந்தார்கள். பகைவர் செய்த ஆயுதம் அன்று அது. வீட்டிலே தீட்டியது, பின்னர் வெளியே இரவல் போயிற்று.

1983க்குப் பின் காட்சி திரும்பிற்று. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணக் கரையிலிருந்தும் இரவிலே படகேறி இராமேசுவரத்திலே இறங்கியவர்கள், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத இலங்கைத் தமிழர். அவர்களிற் பலர் கொண்டுபோய்த் தங்கவைக்கப்பட்ட இடம் அதே மண்டபம் முகாம். மலைநாட்டுக்கு ஆளனுப்பக் கட்டிய இடம் அகதிகளைத் தாங்கும் இடமாயிற்று. தமிழ்நாட்டார் அவர்களை அகதிகள் என்றார்கள். கதியற்றவர் என்பது அதன் பொருள்; இரக்கமுடைய சொல். 1986ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்திலே கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அலைந்துகொண்டிருந்த 155 தமிழரை மீன்பிடிப் படகுகாரர் கண்டு காப்பாற்றினார்கள். 2010ஆம் ஆண்டு ஓகஸ்டில் 'சன் சீ' என்னும் கப்பல் 492 பேருடன் அதே நாட்டின் மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, மார்ச் மாதத்திலே, மன்னார்ப் பக்கத்திலிருந்து புறப்பட்ட குடும்பமொன்று தனுஷ்கோடிக்கு அருகே கடலின் நடுவிலுள்ள மணற்றிட்டில் இறக்கிவிடப்பட்டது. குழந்தைகளும் அதிலே இருந்தனர். இந்தியக் கரையோரக் காவற்படை வந்து அவர்களை எடுத்துச் சென்றது. இவர்கள் வந்தவை, சொல்லின் நேர்ப்பொருளின்படி, கள்ளத்தோணிகளே. ஆனால் இவர்களுடைய ஊரார் இவர்களை அப்படிச் சொல்வதில்லை. 'போட்டிலே போனவர்' என்பார்கள். 'கப்பலிலே போய்ச் சேர்ந்துவிட்டார்' என்பார்கள். உண்மையாகக் கள்ளத்தோணியிலே போனவருக்கு அந்தப் பெயர் இல்லை. சீட்டுப் பெற்று அரசாங்கக் கப்பலிலே வந்தவரின் பேரனுக்கு இருந்தது.

அரசாங்கத் தமிழிலே இதற்குச் சொற்கள் இல்லாமலில்லை. குடிவரவு, குடியகல்வு என்னும் இணைச்சொற்கள் திணைக்களப் பெயர்ப்பலகையிலே உள்ளன. வருவதும் அகல்வதும் குடியே என்று அவை சொல்கின்றன; வீடும் அடுப்பும் பிள்ளைகளும் உள்ள ஒன்றைக் குடி என்பது தமிழ் மரபு. சட்டப்படி வராதவரைச் சட்டவிரோதக் குடிவரவாளர் என்கின்றன பத்திரங்கள். நீண்ட சொல், நாவிலே எளிதிற் புரளாது. ஏசுவதற்கு உதவாது என்பதே அதன் சிறப்பு.

கச்சதீவிலே அந்தோனியார் திருவிழா ஆண்டுதோறும் பெப்ரவரி அல்லது மார்ச்சு மாதத்தில் நடைபெறும். 1974ஆம் ஆண்டு இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரை, அங்கே வரும் இந்திய யாத்திரிகர் இலங்கையிடமிருந்து பயணப் பத்திரமோ விசாவோ பெறத் தேவையில்லை என்று கூறுகிறது. இராமேசுவரத்துப் படகுகளும் யாழ்ப்பாணத்துப் படகுகளும் ஒரே கரையை நோக்கி வருகின்றன. கடற்படையினர் கரையிலே நிற்கிறார்கள். வந்தவர்களின் பெயர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். கொடியேற்றமும் சிலுவைப்பாதையும் தேர்ப்பவனியும் முடிந்தபின், மறுநாட் காலைத் திருப்பலியை இரு கரையாரும் ஒரே முற்றத்திலே காண்கிறார்கள். பிறகு அவரவர் படகுகளில் ஏறிப் போகிறார்கள். அந்தப் படகுகளுக்கு அங்கே படகு என்றே பெயர்.